முங்கி அறுக்கும் ரம்பம் யாருக்கு வேண்டும்?

பழைய தெருக்கள், பழைய பதிவேடுகள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் என்று எழுதிக்கொண்டிருப்பவன் திடீரென்று ஒரு மின்சார ரம்பத்தைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிலருக்குத் தோன்றும். காரணம் இருக்கிறது. பிரான்சிலிருந்து லீவுக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் முன்பெல்லாம் செண்டும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். இப்போது மெஷின் கொண்டுவருகிறார்கள். மெஷினோடு ஒரு தடித்த நோத்திஸ் வரும். பல சமயம் அதில் நமக்குப் படிக்கத் தெரிந்த மொழி பிரெஞ்சு ஒன்றுதான். எங்கள் தெருவில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர்களில் மிச்சமிருப்பது நானும் இன்னொரு பெரியவரும். அவருக்குக் கண் சரியில்லை. ஆகவே துளைபோடும் மெஷின், இழைக்கும் மெஷின், தேய்க்கும் மெஷின் என்று எல்லா நோத்திஸும் என் மேஜைக்கு வந்துவிடும். பிரெவே பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மொட்டைமாடிக் கொட்டகையில் நானும் கொஞ்சம் மரவேலை செய்கிறேன். பூஜை மாடம், புத்தக ஸ்டாண்டு, பேத்திக்கு ஒரு படிப்பு மேஜை, இந்த அளவுக்குத்தான். அதனால் மெஷினைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் சொல்ல முடியும்.

இந்த மாதம் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் என்னைப் போலவே பென்ஷன்காரர், ஆபீஸில் எனக்குச் சீனியர். இன்னொருவன் எங்கள் தெரு ஆசாரியின் மகன். "சார், தண்டவாளத்து மேல ஓடுற ரம்பம் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது, நீங்க சொல்லுங்க." இருவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றல்ல. பெரியவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அது என்ன மெஷின் என்று தெரியாதவர்களுக்கு. பிரெஞ்சில் இதை சீ ப்ளோன்ஜான்த் என்பார்கள். ப்ளோன்ஜே என்றால் தண்ணீரில் முங்குவது. வட்ட ரம்பம் ஒரு மூடிய கூட்டுக்குள் இருக்கும். கைப்பிடியை அழுத்தினால் வட்டு கீழே முங்கும், மரத்தை அறுக்கும். கையைத் தளர்த்தினால் ஸ்பிரிங் அதை மேலே இழுத்துக் கூட்டுக்குள் சேர்த்துவிடும். கூடவே ஓர் அலுமினியத் தண்டவாளம் உண்டு. அதைப் பலகையில் கோடு போட்ட இடத்தில் வைத்து, மெஷினை அதன்மேல் உட்காரவைத்துத் தள்ளினால் ரயில் போவதுபோல நேராகப் போகும். தண்டவாளத்தின் ஓரத்தில் மெல்லிய ரப்பர் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். முதல் தடவை ஓட்டும்போது மெஷினே அந்த ரப்பரைத் தன் அளவுக்குச் சீவிக்கொள்ளும். அதற்குப் பிறகு ரப்பர் முடியும் இடம்தான் வெட்டு விழும் இடம். கோட்டின்மேல் ரப்பரை வைத்தால் போதும், கூட்டல் கழித்தல் வேண்டாம். அந்த ரப்பர் பலகையின் மேற்பரப்பை அழுத்திப் பிடித்துக்கொள்வதால் மைக்கா சில்லு பேராது, ப்ளைவுட் சிலாம்பு தெறிக்காது.

தண்டவாளத்தில் ரம்பத்தை ஓட்டும் இந்த யோசனை ஜெர்மனியில் 1960களில் வந்தது. 1925ல் இரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்த ஃபெஸ்டோ என்ற கம்பெனிதான் அதில் முன்னோடி. இன்று ஃபெஸ்டூல் என்ற பெயரில் அந்த மெஷின்கள் வருகின்றன. மஃபெல் என்று இன்னொரு ஜெர்மன் கம்பெனி. பிறகு போஷ், ஜப்பானின் மக்கிட்டா, அமெரிக்காவின் டிவால்ட் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

சரி, நம் ஊரில் தச்சு வேலை எப்படி நடக்கிறது? சிமெண்டுத் தரையில் எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஷீட்டைப் போட்டு, ஆசாரி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காலால் பலகையை மிதித்துக்கொண்டு மார்பிள் கட்டரால் அறுப்பார். மார்பிள் கட்டர் என்பது கல் அறுக்கும் மெஷின். டைல்ஸ் வேலைக்காரர் வைர வட்டு போட்டு ஓட்டுவதற்காகச் செய்தது. அதில் மர வட்டு போட்டு ஓட்டுவது நம் நாட்டுக் கண்டுபிடிப்பு. மூவாயிரம் நாலாயிரத்துக்குக் கிடைக்கும், கையடக்கம், எங்கும் ரிப்பேர் செய்துவிடலாம். ஆசாரிகள் அதை விரும்புவதில் எந்த ஆச்சரியமும் இல்லை. அதைக் கையில் எடுத்து ஒரு நல்ல ஆசாரி அறுக்கும் நேர்த்தியைப் பார்த்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அந்தச் சின்ன நாலு அங்குல வட்டு நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுப்போலச் சுற்றுகிறது. மரத்துக்கென்று செய்த முங்கும் ரம்பம் ஐயாயிரத்தைச் சுற்றித்தான். கல் வட்டுக்குப் பல் கிடையாது, மர வட்டுக்குப் பல் உண்டு. பல் கடிக்கும், மாட்டிக்கொள்ளும், எகிறும். ஒவ்வொரு வட்டின் மேலும் அது தாங்கும் அதிகபட்ச வேகத்தை அச்சடித்திருப்பார்கள். அதை வாசித்துவிட்டு மாட்டும் ஆசாரி எத்தனை பேர்? போதாததற்குக் கோடு தெரியவில்லை என்று மூடியைக் கழற்றிவிடுவார்கள். பல கட்டர்களில் சுவிட்சை அழுத்தியபடியே பூட்டிவைக்கும் பித்தானும் உண்டு. கை நழுவினாலும் வட்டு நிற்காது.

எங்கள் தெரு ஆசாரிக்கு அப்படித்தான் நடந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் கை பழகியவர். என் வீட்டுக் கதவு, ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் அவர் கை பட்டவைதான். ஒரு வீட்டில் அலமாரி வேலை. 19 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் போனதும் அறுபட்ட பக்கம் தொங்க ஆரம்பித்தது. தொங்கினால் பிளவு மூடிக்கொள்ளும், மூடினால் வட்டின் பின்பக்கத்தைக் கவ்வும். பின்பக்கத்துப் பற்கள் கீழிருந்து மேலே ஏறுகிறவை. அவை கவ்வப்பட்டால் மெஷின் மொத்தமாகத் தூக்கிக்கொண்டு அறுக்கிறவன் பக்கம் பாயும். பிரெஞ்சு நோத்திஸ்களில் இதை ருகுல் என்று போட்டு ஒரு பக்கம் முழுக்க எச்சரிக்கை இருக்கும். பாய்ந்தபோது இடது கை பலகையின்மேல் இருந்தது. ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். அதற்குப் பிறகு உளி பிடிக்கும்போது பார்க்கிறேன், பிடி நிற்கவில்லை. இப்போது மகன்தான் வேலைக்குப் போகிறான். அவர் கூடப் போய் அளவு சொல்கிறார்.

வேலை கொடுத்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார், அது அவருடைய நல்ல குணம். கொடுக்காமல் விட்டிருந்தாலும் கேட்க ஆளில்லை. தினக்கூலி ஆசாரிக்கு மெடிக்கல் லீவு கிடையாது, கிராச்சுவிட்டி கிடையாது. நான் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து கையெழுத்து வாங்கி பைல் நகர்த்தியதற்கு இன்றைக்கும் ஒன்றாந்தேதி பென்ஷன் வருகிறது. எனக்கு விரல் நுனி போயிருந்தாலும் வந்திருக்கும்.

ஆகவே ஆசாரி மகன் கேட்டபோது யோசிக்கவே இல்லை. "வாங்கு தம்பி" என்றேன்.

பெரியவருக்கு வேறு பதில். அவர் கட்டப்போவது ஒரு செருப்பு அலமாரி, ஒரு டிவி ஸ்டாண்டு. மொத்தம் பத்துப் பதினைந்து நேர்வெட்டு. இப்போது பெரிய ப்ளைவுட் கடைகளிலேயே பேனல் அறுக்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள். அளவு எழுதிக் கொடுத்தால் வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள், வெட்டுக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டிலேயே அறுத்தாக வேண்டும் என்றால் சாதாரண வட்ட ரம்பம் ஒன்று போதும். அதற்கு ஒரு தண்டவாளத்தை நாமே செய்துகொள்ளலாம். 6 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை ஒரு சாண் அகலத்துக்கு எடுத்து, அதன்மேல் நேரான பட்டை ஒன்றை ஒட்டி, பட்டையோடு மெஷினை அணைத்து ஒரு தடவை ஓட்டினால், அறுபட்ட ஓரமே நமக்குக் கோடு. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒட்டியது ஃபெவிக்கால், செலவு ஒன்றுமில்லை. இதைச் சொன்னதும் பெரியவர், "அப்ப ஆசாரிப் பையனுக்கு மட்டும் எதுக்கய்யா அவ்வளவு விலைக்கு மெஷின்? அவங்க அப்பன், பாட்டன் எல்லாம் இதை வச்சா செஞ்சாங்க?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். பதில் இதுதான். பாட்டன் அறுத்தது கைவாளால். கைவாள் எகிறி விரலை எடுக்காது. பாட்டனுக்கு ஒரு கதவு செய்ய ஒரு மாதம் கொடுத்தார்கள். இன்று மூன்று படுக்கையறை வீட்டுக்கு அலமாரி, கட்டில், சமையலறைப் பெட்டி எல்லாவற்றையும் கிரகப்பிரவேசத்துக்குள் முடி என்கிறோம். வேகம் நம்முடைய அவசரத்திலிருந்து வந்தது. அந்த வேகத்துக்கு ஏற்ற மெஷின் அவன் கையில் இருக்க வேண்டாமா? பென்ஷன்காரர் கொட்டகையில் தூசி படியப்போகும் மெஷினுக்கு ஒரு விலை, தினமும் நாற்பது வெட்டு வெட்டும் மெஷினுக்கு ஒரு விலை. இரண்டும் ரூபாயில் ஒன்றுபோலத் தெரியலாம், ஆனால் ஒன்றல்ல.

விலையைச் சொல்லிவிடுகிறேன். நல்ல மெஷின், தண்டவாளத்தோடு, மார்பிள் கட்டரைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. அதற்கு மேலேயும் உண்டு. சின்னப் பணமில்லை. அதனால்தான் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது முக்கியமாகிறது.

கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது வாட்டும் ஆழமும். பெட்டியிலும் அதைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள். 1200 வாட், 1300 வாட், 1400 வாட் என்று இருக்கும். நம் வேலைக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. ஆழமும் அப்படித்தான். 160 அல்லது 165 மில்லிமீட்டர் வட்டுள்ள மெஷின்கள் சுமார் 55 மில்லிமீட்டர் அறுக்கும். அதில் தண்டவாளத்தின் தடிமன் நாலைந்து மில்லிமீட்டர் கழிந்தாலும் 50 நிற்கிறது. நம் ஆசாரி தினமும் அறுப்பது 19 மில்லிமீட்டர் ப்ளைவுட். தடித்தது என்றால் 35 மில்லிமீட்டர் ஃபிளஷ் டோர். ஐந்துக்கு மூன்று அங்குல நிலைச் சட்டத்தை எப்படியும் இதில் ஒரே வெட்டில் அறுக்க முடியாது, அதற்கு மரவாடி இருக்கிறது. 210 மில்லிமீட்டர் வட்டுப் போட்ட பெரிய மெஷினும் உண்டு. கனம் கூட, விலை கூட. அலமாரி வேலைக்கு அது வேண்டாம்.

கேட்க வேண்டியது தண்டவாளத்தைப் பற்றி. எட்டுக்கு நாலு ஷீட் என்பது 2440க்கு 1220 மில்லிமீட்டர். குறுக்கே அறுக்க 1.4 மீட்டர் தண்டவாளம் போதும். நீளவாக்கில் அறுக்க அது பத்தாது. ஒன்று மூன்று மீட்டரில் ஒரே தண்டவாளம் வாங்க வேண்டும், அல்லது 1.4 மீட்டர் இரண்டை இணைப்புக் கம்பி போட்டுச் சேர்க்க வேண்டும். ஒரே துண்டாக இருப்பது உத்தமம் என்று எல்லா நோத்திஸும் சொல்லும். ஆனால் மூன்று மீட்டரை எங்கள் ஆசாரிப் பையன் எதில் எடுத்துப் போவான்? அவனிடம் இருப்பது ஸ்கூட்டர். நம் தெரு வீடுகளின் மாடிப்படியில் அதைத் திருப்பவும் முடியாது. இரண்டு 1.4 மீட்டர்தான் அவனுக்குச் சரி. சேர்க்கும்போது பக்கத்தில் நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை அணைத்துவைத்து அதன் பிறகு திருகை முடுக்க வேண்டும். அப்படியே முடுக்கினால் இணைப்பில் ஒரு மயிரிழை வளைவு வரும், எட்டடியில் அது நன்றாகத் தெரியும். முக்கால் மீட்டருக்கும் குறைவான துண்டுகளைப் பெட்டியில் போட்டு மலிவாக விற்கும் மெஷின்களை நான் வேண்டாம் என்பது இதனால்தான். ஷீட் நீளத்துக்கு மூன்று நான்கு இணைப்பு வந்துவிடும்.

இன்னொன்று, தண்டவாளம் வாங்குவது சம்பந்தம் பண்ணுவது மாதிரி. எந்தக் குடும்பத்தில் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். மக்கிட்டா மெஷின் ஃபெஸ்டூல் தண்டவாளத்தில் ஓடும், அந்த மெஷினும் இதில் ஓடும். போஷும் மஃபெலும் ஒரு ஜோடி. டிவால்ட் தனி, அதன் தண்டவாளத்தில் இரண்டு ஓரத்தையும் பயன்படுத்தலாம். நாளைக்கு மெஷின் பழுதாகி வேறு வாங்கினாலும் பழைய தண்டவாளம் உதவ வேண்டுமே.

கடையில் மெஷினைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதே என்று பையனிடம் சொன்னேன். தண்டவாளத்தில் உட்காரவைத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் அடித்தட்டில் உள்ள சின்னத் திருகுகளால் அதை எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் இல்லாமல் ஐந்தாறு தடவை முக்கி எடுத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் வட்டு தயங்காமல் மேலே ஏற வேண்டும். கையில் மூலமட்டம் கொண்டுபோய் வட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தால் கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

பிரிக்கும் கத்தி என்று ஒன்று உண்டு. பிரெஞ்சில் கூத்தோ திவிசேர். வட்டுக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று நிற்கும். அறுபட்ட பிளவு மூடாமல் அது பார்த்துக்கொள்ளும். எங்கள் ஆசாரியின் விரலை எடுத்த அந்தக் கவ்வல் வராமல் தடுப்பது இதுதான். ஃபெஸ்டூலின் TS என்று தொடங்கும் மெஷின்களில் இது இருக்கிறது. ஆங்கில எழுத்தில் சொல்வதானால் டி.எஸ். 55 என்று கடையில் கேட்கலாம். மக்கிட்டாவின் எஸ்.பி. 6000 மாடலில் இது இல்லை. மக்கிட்டா கெட்ட மெஷின் என்று சொல்ல வரவில்லை. தண்டவாளமே பெரும் பாதுகாப்பு. மெஷின் பக்கவாட்டில் திரும்ப முடியாது, இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும், விட்டால் வட்டு உள்ளே போய்விடும். அந்த மாடலில் மெஷின் சாயாமல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி ஒன்றும் உண்டு. ஆனால் ஒரே விலையில் இரண்டு மெஷின் நின்றால், கத்தி இருப்பதை எடு என்பேன்.

வட்டு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மைக்கா ஒட்டிய ப்ளைவுட்டுக்கு 48 பல் வட்டு. தேக்குப் பலகையை நீளவாக்கில் அறுக்கப் பல் குறைந்தது வேண்டும், இருபத்து நாலு இருபத்தெட்டுபோல. தேக்கில் மணல் சத்து உண்டு, பல்லைச் சீக்கிரம் மழுக்கும். ப்ளைவுட்டின் பசையும் அப்படியே, அதிலும் ஐ.எஸ். 710 மரைன் ப்ளைவுட் என்றால் கேட்கவே வேண்டாம். மழுங்கிய பல்லால் தள்ளித் தள்ளி அறுக்கும்போதுதான் மரம் கருகும், மெஷினும் எகிறப் பார்க்கும். கடையில் மெஷின் இருக்கிறதா என்பதைவிட, அதே அளவு வட்டு, அதே ஓட்டை அளவில், இன்றைக்கே அலமாரியில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கார்பன் பிரஷ் எங்கே கிடைக்கும், ரிப்பேருக்கு நம் ஊரிலேயே ஆள் உண்டா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்பதும் அதே மூச்சில்.

இங்கேதான் பாரிஸ் மச்சான் விவகாரம் வருகிறது. "என் மச்சான் டிசம்பர்ல வர்றாரு, அங்க மலிவு, கொண்டாரச் சொல்றேன்" என்று பெரியவர் முதலில் சொன்னார். கரண்ட் பிரச்னை இல்லை, அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 1.4 மீட்டர் தண்டவாளத்தை எந்தப் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றுவார்? தண்டவாளம் இல்லாத முங்கும் ரம்பம் தேர் இல்லாத வடம் மாதிரி. பேட்டரியில் ஓடும் மெஷின் என்றால் உதிரி பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், 100 வாட்-ஹவருக்கு மேல் போனால் விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 90 வரும், தப்பிக்கும். 6 என்றால் 108, தகராறு. அங்கே லிடில் கடையில் பார்க்சைட் என்ற பெயரில் மலிவாக ஒன்று விற்கிறார்கள். அந்தக் கடை இந்தியாவிலேயே கிடையாது, வாரண்டிக்கு யாரிடம் போவது? பொழுதுபோக்குக்குச் சரி. பிழைப்புக்கு வாங்குகிறவன், நம் ஊர்க் கடையில், நம் ஊர் பில்லோடு வாங்க வேண்டும்.

தூசியைப் பற்றியும் பேசியாக வேண்டும். லியோன் நகரத்தில் இருக்கும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1995லேயே வகைப்படுத்திவிட்டது. ப்ளைவுட் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் பிறகு அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மார்பிள் கட்டர் தூளைக் காற்றில் பறக்கவிட்டு முகத்திலேயே அடிக்கும். ஆசாரி துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார். முங்கும் ரம்பத்தில் வட்டு கூட்டுக்குள் சுற்றுவதால், பின்னால் உள்ள குழாயில் வேக்குவம் மெஷினை மாட்டினால் பெரும்பகுதித் தூள் அதில் போய்விடும். மரத்தூளுக்கு எம் வகுப்பு வேக்குவம் என்று தனியாக உண்டு, விலை அதிகம். அது இல்லாவிட்டாலும் சாதாரண வேக்குவமும் மூக்குக்கு நல்ல மாஸ்க்கும் இருந்தால் இப்போதைய நிலைமைக்கு எவ்வளவோ மேல். ஆள் குடியிருக்கும் வீட்டில் வேலை செய்யும்போது வீட்டம்மா முகம் சுளிக்காமல் இருப்பதும் ஒரு லாபம்.

வெளிநாட்டு வீடியோக்களில் இந்த மெஷினைப் பெரிய துளை போட்ட மேஜையின்மேல் வைத்துக் காட்டுவார்கள். அதைப் பார்த்துப் பையன் மிரண்டிருந்தான். "மேஜைக்கு எங்க சார் போறது?" என்றான். எனக்கு இதில் வேறு அபிப்பிராயம். தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் நம் வழக்கத்துக்கு இந்த மெஷின் மிகவும் பொருந்தும். தரையில் இரண்டு அங்குல தெர்மாகோல் ஷீட்டுகளைப் பரப்பி, அதன்மேல் ப்ளைவுட்டைப் போட்டு, வட்டு பலகையைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் இறங்கும்படி ஆழத்தை வைத்தால் போதும். எட்டடி ஷீட் முழுக்கத் தாங்கலில் படுத்திருக்கும். அறுபட்ட பக்கம் தொங்காது, பிளவு மூடாது. மண்டியிட்டு நகர்ந்துகொண்டே தள்ளலாம். தண்டவாளத்தின் அடியில் உள்ள வழுக்காத பட்டையில் தூள் ஒட்டியிருந்தால் வழுக்கும், ஒவ்வொரு தடவையும் துணியால் துடைக்க வேண்டும். காலால் மிதித்துப் பிடிக்கும் வேலை இல்லை. கால் விரலும் மிஞ்சும்.

இந்த ஊருக்கென்று இன்னொரு உபயோகம். ஐப்பசி கார்த்திகையில் கடற்காற்றும் மழையும் சேர்ந்து நம் வீட்டுக் கதவுகள் ஊதிக்கொண்டு தரையில் இழுக்கும். கதவைக் கழற்றி, அடியில் இழைப்புளி போட்டுச் சீவி, ஓரத்துச் சிலாம்பு பேர்ந்து... பார்த்திருப்பீர்கள். கதவின் அகலம் மூன்றடி. 1.4 மீட்டர் தண்டவாளத்தை வைத்து நாலு மில்லிமீட்டர் எடுக்க ஐந்து நிமிஷம். ஒரு மழைக்காலத்தில் இப்படி எத்தனை கதவு வரும் என்று ஆசாரிப் பையனே விரல்விட்டு எண்ணிக் காட்டினான்.

செய்யாததையும் சொல்ல வேண்டும். பீடிங், ரீப்பர்போல மெல்லிய பட்டை கிழிக்க இது லாயக்கில்லை, தண்டவாளம் உட்கார இடமிருக்காது. வளைவு வெட்ட முடியாது. ஆகவே மார்பிள் கட்டரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மூடியோடு, டைல்ஸ் வெட்ட அது இருக்கட்டும்.

பணம்? இங்கேதான் ஒரு கிளார்க் உதவ முடியும். மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கியது. 18 தொழில்கள் பட்டியலில் தச்சுத் தொழிலும் உண்டு. பயிற்சி நாட்களில் தினம் 500 ரூபாய், கருவிகள் வாங்க 15,000 ரூபாய், ஜாமீன் இல்லாமல் 5 சதவீத வட்டியில் முதல் தவணையாக ஒரு லட்சம் வரை கடன், 18 மாதத்தில் கட்டவேண்டும். பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்ய வேண்டும். வட்டிக்கடைக்குப் போவதோடு ஒப்பிட்டால் இதற்கு அலைவதில் தப்பில்லை. அப்ளிகேஷனை நான் நிரப்பித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முனிசிபாலிட்டியின் பழைய பதிவேடுகளில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் மெனுயிஸியே என்று அழகான சாய்வெழுத்தில் எழுதியிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டத்தை இந்தத் தடவை தமிழில் நிரப்பப்போகிறேன், அவ்வளவுதான்.

பாக்கித் தொகைக்கு நம்மைப் போன்றவர்கள் ஒன்று செய்யலாம். வீட்டில் வேலை வைக்கும்போது ஆசாரிக்கு எப்படியும் அட்வான்ஸ் கொடுக்கிறோம். அதைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, மெஷின் வாங்கிக்கொள், கூலியில் கழித்துக்கொள்கிறேன் என்று சொன்னால் நஷ்டம் ஒன்றுமில்லை. வெட்டு சுத்தமாக இருக்கும், ஷீட் வீணாவது குறையும். பெரியவரிடம் இதைத்தான் சொன்னேன். அவருடைய டிவி ஸ்டாண்டை ஆசாரிப் பையனே செய்யட்டும், அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கட்டும். ஆபீஸிலும் அவர் அதைத்தான் செய்தார். இன்னும் பதில் வரவில்லை. போனில் கேட்டால் மச்சானிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்கிறார்.

பையன் வரும் வாரம் கடைக்குப் போகிறான். பில் அவன் பெயரில் போட வேண்டும், மெஷின் நம்பர் பில்லில் ஏற வேண்டும், வாரண்டி கார்டில் கடை முத்திரை விழ வேண்டும், மூன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து என்னிடம் ஒன்று கொடுத்துவைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். வட்டு ஆடுகிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு அவர் கண் இன்னும் நன்றாகவே இருக்கிறது.